வரிசைக்கல்

போன வாரம் தாம்பரம் ரயில் நிலையத்தில் என்னுடைய மஞ்சள் துணிப்பை ஒரு சின்னக் கலவரத்தை உண்டாக்கிவிட்டது. கலவரம் என்றதும் ரொம்பக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு ரயில்வே போலீஸ்காரர், அவர் கையில் ஒரு தடி, தள்ளி நின்று செல்போனில் படம் பிடிக்கும் நாலைந்து பேர், நடுவில் என் பை. பைக்குள் இருந்ததோ ஒரு சால்வை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இரண்டு மாத்திரை அட்டை. டிக்கெட் கவுண்டரில் வரிசை நீண்டு கிடந்தது. எனக்கோ முட்டி வலி. முன்னால் நின்றவரிடம், "தம்பி, இது என் இடம்" என்றேன். அவரும் தலையாட்டினார். பையை என் இடத்தில் வைத்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் தலையாட்டியது காதுக்குள் பேசிக்கொண்டிருந்த வேறு யாருக்கோ என்பது பிறகுதான் தெரிந்தது.

பையின் கதி என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். போலீஸ்காரர் தடியால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபோது, எழுந்து ஓடிப் போய் "என்னுடையது" என்று சொல்லத் தோன்றாமல், எனக்கு ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை நேரம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு இது வழக்கம்தான். வீட்டில் பால் பொங்கி வழியும்போதுகூட எனக்கு ஏதாவது ஞாபகம் வரும், அடுப்பை அணைக்கத் தோன்றாது.

இதில் பாதிப் பொறுப்பு நிவேதாவுடையது. எதிர் ஃப்ளாட் பெண். குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அன்று என்னை ரயிலேற்றிவிட வந்தவள், ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் தன் கல்லூரியின் புராஜெக்ட் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். தலைமைப் பண்பையும் கூட்டாக வேலை செய்வதையும் கற்றுக்கொள்வதற்காக மாணவர்கள் ஏதாவது ஓர் ஊரோடு சேர்ந்து வேலை செய்கிறார்களாம். அவள்தான் டீம் லீட். அந்த ஊருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சமுதாயப் பங்காளி. எங்கள் சொந்தத்தில் பங்காளி என்றால் வாய்க்கால் தண்ணீருக்குக் கோர்ட்டுக்குப் போகிறவன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா அங்கிள்?" என்று கேட்டாள்.

நான் ஒரு வாரம் முழுக்கத் தலைவனாக இருந்திருக்கிறேன் என்று கம்பீரமாகச் சொன்னேன். ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் ஒரு முறை என்னைப் பார்த்துக்கொண்டார்.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பொருளாதாரம் எடுத்தவர் ஆசீர்வாதம் சார். கோடை விடுமுறையில் எங்கோ வெளிநாட்டில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு, நிறைய பனியனும் ஒரு கொள்கையும் கொண்டுவந்திருந்தார். தலைவன் பிறப்பதில்லை, பழக்கினால் எந்த மக்கும் தலைவன் ஆகலாம் என்பது கொள்கை. மக்கு என்று சொல்லும்போது அவர் பார்வை எங்கள் பெஞ்சின் மேல் படிந்து நின்றது. அப்படியாக நாங்கள் எட்டுப் பேர் சமூக சேவைக் குழுவில் சேர்க்கப்பட்டோம்.

கொள்கையின் செயல்முறை இதுதான். ஆளுக்கு ஒரு வாரம் தலைமை. தலைவனுக்கு அடையாளமாக விளையாட்டு சாரிடம் கேட்டு வாங்கிய ஒரு பித்தளை விசில், சிவப்புக் கயிற்றில் கோத்தது. யார் கழுத்தில் விசில் தொங்குகிறதோ அவன் சொல்வதை மற்ற ஏழு பேர் கேட்க வேண்டும். வாரம் முடிந்ததும் பழைய தலைவன் தான் கற்ற பாடத்தைப் பற்றி ஓர் உரை ஆற்றிவிட்டு, விசிலைக் கழற்றி அடுத்தவன் கழுத்தில் போட வேண்டும். உரையின் நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. பிறர் பேச்சைப் பொறுமையாகக் கேட்பதும் தலைமைப் பண்பு என்பார் சார். இந்தக் கடைசி விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

எங்கள் பங்காளியாக வாய்த்த ஊர் கொக்கந்தாங்கல். மேடவாக்கம் போகிற வழியில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்த சின்ன கிராமம். இப்போது அந்தப் பக்கம் போனால் தண்ணீர் லாரிக்கு வழிவிட்டே ஒரு பொழுது கழிந்துவிடும். அப்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். காலையில் சைக்கிளில் போனால் ஈர வைக்கோல் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு, மத்தியானம் வகுப்பில் பக்கத்துப் பையன் மூக்கைச் சுளிப்பான்.

ஊரில் எங்களுக்குப் பொறுப்பு பாக்கியம் அக்கா. தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்பவர். மாதர் சங்கத் தலைவி. அவர் சங்கத்தில் சுழற்சி முறை எல்லாம் கிடையாது. அவர்தான் எப்போதும் தலைவி, பேச்சு முடிந்தது. முதல் நாளே எங்கள் எட்டுப் பேரையும் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணுங்களா, ஒருத்தன் தோள்லயும் சதயே காணோம்" என்று கூழ் ஊற்றினார். உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். ஆரோக்கியம், எழுத்தறிவு, சுகாதாரம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தோம். பஸ் நிற்க வேண்டும் என்றார்.

தாம்பரம் பஸ் அந்த ஊர் வாசலில்தான் போகும். ஆனால் நிற்காது. கையைக் காட்டினால் டிரைவர் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போவார். ஏற வேண்டுமென்றால் ஏரிக்கரை ஓரமாக மேடவாக்கம் கூட்டுரோடு வரைக்கும் நடக்க வேண்டும். பாக்கியம் அக்கா தலையில் கீரைக்கூடையோடு நடந்து பழகியவர். அவர் கேட்டது தனக்காக மட்டும் இல்லை. தேவகிக்காகவும்தான்.

தேவகி எட்டாவது வகுப்பில் இருந்தாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மேலே படிக்கத் தாம்பரம் போக வேண்டும். இருட்டுகிற நேரத்தில் பெண்பிள்ளை ஏரிக்கரையில் தனியாக நடந்து வர முடியாது என்று அவள் அப்பா முனுசாமி கறாராகச் சொல்லிவிட்டார். அவரை நாங்கள் போய்ப் பார்த்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கல்வியின் மேன்மை பற்றிப் பெஞ்சமின் நீளமாகப் பேசினான். முனுசாமி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஜூன் மாசம் பஸ் நின்னா பள்ளிக்கூடம். நிக்கலன்னா மாடு" என்றார். மாடு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

தேவகி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எப்போதும் சிரிக்கிறவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பஸ் நிற்க என்ன செய்யலாம்? முதல் தலைவன் பெஞ்சமின். ஆறடி உயரம், குரலும் அதே உயரம். நிழற்குடை ஒன்று கட்டிவிட்டால் டிரைவருக்கே நிறுத்தத் தோன்றும் என்றான். ஊரார் சவுக்குக் கட்டையும் தென்னங்கீற்றும் தந்தார்கள். வாரக் கடைசியில் ரோட்டைப் பார்த்தபடி அழகான கொட்டகை எழும்பிவிட்டது. புதுக் கீற்றின் வாசனை ஒரு மாதிரி போதை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் விசில் கோபாலிடம் போயிற்று. கோபாலுக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும், அதுவும் அவன் ஒழுங்காக இருக்க வேண்டும். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கிறது என்று கொட்டகையைப் பிரித்து, திருப்பி, முதுகை ரோட்டுக்கும் முகத்தை வயலுக்குமாக வைத்துக் கட்டவைத்தான். வெயில் அடிக்கவில்லைதான். உள்ளே உட்கார்ந்தால் பஸ் வருவது தெரியாது, பஸ்ஸிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் விசில் அவன் கழுத்தில் இருந்தது.

மூன்றாவது வாரம் நான். என் ஆட்சியின் சாதனை ஒரு பெஞ்சு. விழுந்து கிடந்த பனைமரத்தை இரண்டாகப் பிளந்து, கால் கொடுத்து நிறுத்தினேன். அளவுக்குப் பெஞ்சமினை நிற்கவைத்துப் பார்த்தேன், அதுதான் தப்பு. பாக்கியம் அக்கா ஏறி உட்கார்ந்தபோது அவர் கால் தரைக்கு எட்டவில்லை. இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டு, "நல்லாத்தான் கீது, எறக்கி வுடுறதுக்கு ஒரு ஆளப் போட்டுடு" என்றார். அந்தப் பனைமரத்தில் கட்டெறும்பு குடித்தனம் இருந்தது என்பதும் அவர் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வாரத் தலைமையில் இவ்வளவுதான் முடியும்.

எனக்குப் பின்னால் வந்த ஐந்து தலைவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஒருவன் பூச்செடி வைத்தான், அடுத்தவன் ஆடு வருகிறது என்று பிடுங்கினான். ஆசீர்வாதம் சார் தினமும் குடையோடு வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நான் பார்வையாளன் மட்டுமே, தலையிட மாட்டேன் என்பார். தலையிட்டிருந்தால் எறும்புக் கடியிலிருந்தாவது தப்பியிருக்கலாம்.

ஒரு சுற்று முடிந்து விசில் மறுபடியும் பெஞ்சமினிடம் வந்தபோதுதான் யாருக்கோ தோன்றியது, பஸ் ஆபீசில் போய்க் கேட்டால் என்ன என்று. மூன்று பேர் போனோம். மூன்று பேரும் தலைவர்களாக இருந்து பழகியவர்கள், அதனால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி காதைப் பொத்தாத குறைதான். கடைசியில், "அங்க ஏற ஆளே கிடையாதுன்னு டிரைவருங்க சொல்றாங்க. அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள் காலை பஸ்ல நானே வரேன். ஆள் நின்னா பாக்கலாம்" என்றார். எந்த நாள் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

இதற்குப் பெஞ்சமின் செய்த ஏற்பாட்டைப் பட்டாளத்தில்கூடச் செய்திருக்க மாட்டார்கள். ஊரைக் கூட்டி வரிசையில் நிற்கப் பயிற்சி கொடுத்தான். உயர வரிசைப்படி நில்லுங்கள் என்றான். அப்படி நின்றால் ஒரு மாமியார் மருமகளுக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தது. அன்று காலை அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டோம். பிறகு தெரு வாரியாக நிற்கலாம் என்று சமாதானம் ஆயிற்று.

திங்கட்கிழமை ஊரே நின்றது. பஸ் வந்தது, நிற்காமல் போயிற்று. அதிகாரி இல்லை. செவ்வாய்க்கிழமை பாதி ஊர் நின்றது. புதன்கிழமை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் ஆட்கள், அதிலும் நாங்கள்தான் அதிகம். அறுவடை நேரம். கதிர் முற்றிக் கொட்டுகிறது, அறுப்பார்களா, எப்போது வருவார் என்று தெரியாத ஒருவருக்காக ரோட்டில் நிற்பார்களா? பெஞ்சமின் விசிலை ஊதி ஊதிப் பார்த்தான். வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள்.

அப்போது பாக்கியம் அக்கா, "இன்னாத்துக்கு தம்பி இந்தப் பேஜாரு? ரேசன் கடையில மட்டும் நாமளா நிக்கிறோம்? கல்லுதானே நிக்குது" என்றார்.

இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். அரிசித் தட்டுப்பாடு இருந்த வருஷங்கள் அவை. ரேஷன் கடைக்கு லோடு வருகிறது என்று செய்தி வந்தால் விடியுமுன்னே வரிசை. யாரால் அவ்வளவு நேரம் நிற்க முடியும்? ஒரு கல்லைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். செங்கல், பை, ஓட்டைப் பானை, அறுந்த செருப்பு, எது வேண்டுமானாலும் இருக்கலாம். அது அங்கே இருந்தால் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். காவலுக்கு ஓர் ஆள் இருந்தால் போதும். அடுத்தவர் கல்லை நகர்த்தியவனுக்கு ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று என் அம்மா சொல்வாள். எங்கள் வீட்டுக் கல் ஒரு உடைந்த அம்மிக்குழவி. தெருவே அதற்கு என் அப்பாவின் பெயரை வைத்திருந்தது.

அப்படியாக வியாழக்கிழமை கொக்கந்தாங்கல் வாசலில் கல் வரிசை நின்றது. கூடை, முறம், செங்கல், நடுவில் ஒரு துடைப்பம். வரிசை ரோட்டு வளைவு வரைக்கும் போயிற்று. கோபால் கண் கலங்காத குறைதான். முண்டாது, பேசாது, எறும்பு கடிக்கிறது என்று சொல்லாது, கட்டுப்பாடு என்றால் இதுதான் என்றான். பஸ் சத்தம் கேட்டதும் விசில் ஊதுவது, எல்லோரும் வயலிலிருந்து ஓடிவந்து அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பது என்று ஏற்பாடு. காவலுக்குத் தேவகி. அன்றைக்கும் அதிகாரி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பெஞ்சமினின் வாரம் முடிந்து கோபாலின் வாரம் தொடங்குகிறது. பஸ் போன பிறகு விசிலை மாற்றிக்கொள்ளலாம் என்றான் பெஞ்சமின். அது விதிமீறல் என்றான் கோபால். சார் பார்வையாளர், அபிப்பிராயம் சொல்லவில்லை. சரி, சுருக்கமாக முடித்துவிடுகிறேன் என்று பெஞ்சமின் புளியமரத்தடியில் எழுந்து நின்றான். பெஞ்சமின் அகராதியில் சுருக்கம் என்ற சொல்லே கிடையாது. அவன் அப்பா சர்ச்சில் பிரசங்கம் செய்கிற உபதேசியார், ரத்தத்தில் வந்தது.

அவன் முதல் பாடத்தை முடிக்கும்போதே பஸ் சத்தம் எனக்குக் கேட்டது. கோபாலுக்கும் கேட்டது, அவன் காது துடித்ததைப் பார்த்தேன். எல்லோருக்கும் கேட்டது. ஆனால் உரையின் நடுவில் யார் பேசுவது? நான் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கூர்ந்து கேட்கிறார் என்று நினைத்தோம். மெல்லிய குறட்டை பிறகுதான் கேட்டது. இரண்டாவது பாடமும் நீண்டு முடிந்த பிறகு பஸ் ஹாரன் அடித்தது. பெஞ்சமின் ஹாரனுக்கு மேல் குரலை உயர்த்தி, தலைவன் எந்நேரமும் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும் என்பதே தான் கற்ற மூன்றாவது பாடம் என்றான்.

பிறகு ஒரே பாய்ச்சல். கோபால் விசிலைப் பிடுங்க, அது பெஞ்சமின் கழுத்திலேயே இருக்க, கயிறு இறுக, அவன் நாக்கு வெளியே வர, இரண்டு பேருமாக ஊதினார்கள். ஒருவன் ஊதும்போது மற்றவன் இழுத்ததால் வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. வயலில் யாரும் நிமிரக்கூட இல்லை. நாங்கள் மரத்தடியிலிருந்து ரோட்டுக்கு ஓடி வந்து சேர்ந்தபோது, பஸ் கிளப்பிய புழுதிதான் எங்களை வரவேற்றது. கல் வரிசை அப்படியே இருந்தது. பக்கத்தில் தேவகி நின்றிருந்தாள்.

இனி சொல்வதை நான் கண்ணால் பார்க்கவில்லை. தேவகி சொன்னதுதான். அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பாள், அதிகாரி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடித்தும் காட்டினாள்.

பஸ் நின்றது. அதிகாரி இறங்கினார். ரோட்டைப் பார்த்தார், முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் கொட்டகையைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார். இது என்னம்மா என்று கேட்டார்.

"வரிசை சார்."

"ஆளுங்க எங்க?"

"இவங்கதான் சார் ஆளுங்க."

சொல்லிவிட்டு, கூடவே நடந்து ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்துவைத்தாளாம். இந்தக் கூடை பாக்கியம் அத்தை, மார்க்கெட்டுக்குப் போகணும். இந்தச் செங்கல் பரிமளம் அக்கா, மாசமாக இருக்காங்க, ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியவில்லை. முறமும் துடைப்பமும் மாமியார் மருமகள், பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் நடுவில் இடம் விட்டிருக்கு. இப்படியே வளைவு வரைக்கும் போனார்கள். அங்கே ஒரு மரமுளை, மாடு கட்டுகிற முளை, மண் ஒட்டியபடி கிடந்தது. விடிந்த பிறகு யாரோ கொண்டுவந்து போட்டது, அதுவரை அவளும் அதைக் கவனிக்கவில்லை.

இது யார் என்று கேட்டார் அதிகாரி.

"எங்கப்பா" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும், எங்களிடம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் நடிப்பை நிறுத்திவிட்டாள்.

அதிகாரி, நீ ஏன் கல் வைக்கவில்லை என்று கேட்டாராம்.

"நான்தான் நிக்கிறனே சார்."

அவர் வரிசையை மறுபடியும் ஒரு முறை பார்த்தார். பிறகு தன் வீட்டிலிருந்தும் அன்று காலையில் ஒரு செங்கல் ரேஷன் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். தாம்பரம் வரைக்கும் வருகிறாயா, ஏறு என்றார். தேவகிக்கு அதுவரை பஸ்ஸில் ஏறிப் பழக்கமே இல்லை. உள்ளே ஜன்னலோரம் ஓர் இடம் காலியாகக்கூட இருந்ததாம்.

"நான் வந்துட்டா கல்லுங்கள யாரு சார் பாத்துக்கறது?" என்று சொல்லிவிட்டாள். பஸ் போய்விட்டது.

தேவகி சொல்லி முடித்தாள். ஆசீர்வாதம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூக்கமா வேறு எதுவுமா தெரியாது. இதற்குள் வயலிலிருந்து ஊரார் அரிவாளோடு வந்து சேர்ந்துவிட்டார்கள். பஸ் வந்துபோன கதை தெரிந்ததும் பாக்கியம் அக்கா எங்களைத் திட்டிய திட்டில் புளியமரமே இலை உதிர்த்திருக்கும். கடைசியாக வந்தவர் முனுசாமி. முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து வரிசையில் போட்டவர், முளை இல்லாவிட்டால் மாடு நிற்காது என்பதை யோசிக்கவில்லை. மாடு மேடவாக்கம் வரைக்கும் போயிருக்கிறது. விரட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தவர், பஸ் போய்விட்டதா என்று மட்டும் கேட்டார். பிறகு வரிசையிலிருந்து முளையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். தேவகி பின்னாலேயே போனாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பரீட்சை, விடுமுறை. பஸ் ஆபீசிலிருந்து ஒரு தகவலும் இல்லை. என் வீடு கிழக்குத் தாம்பரத்தில்தான், ஆனாலும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாடு மேய்த்துக்கொண்டு தேவகி எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். வாழ்க்கையில் பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று பெஞ்சமின் சைக்கிளோடு வாசலில் வந்து நின்றான். தெருமுனையில் கோபால் நின்றிருந்தான். ஏரி தாண்டியதும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. விசில் விளையாட்டு சாரிடம் திரும்பிப் போயிருந்தது. எங்கள் குழு ஒன்றாகச் சேர்ந்து ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அன்று அங்கே போனதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கொட்டகையின் முதுகுப்புறம் தேவகி நின்றிருந்தாள். எண்ணெய் வைத்துப் படியவாரிய தலை, துணிப்பை. தள்ளி, ஏதோ தற்செயலாக வந்தவர் மாதிரி, மாட்டோடு முனுசாமி. எங்களைப் பார்த்தார். பஸ் சத்தம் கேட்டது. வளைவில் திரும்பியது. வேகம் குறைகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. பெஞ்சமின் என் கையைப் பிடித்த பிடியில் மணிக்கட்டு சிவந்துவிட்டது. பிறகு கியர் மாற்றுகிற சத்தம். பஸ் நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "கல்லு ஸ்டாப்பிங், ஏறு ஏறு" என்றார். அதிகாரி என்ன சொல்லி அனுப்பினாரோ, அந்த இடத்துக்கு அதுதான் பெயர்.

தேவகி ஏறினாள். இந்த முறை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முனுசாமி மாட்டின் கழுத்தைத் தடவியபடி, "இனிமே நீயும் நானுந்தான்" என்று அதனிடம் சொன்னார்.

கல்லு ஸ்டாப்பிங் கொஞ்ச நாளில் வரிசைக்கல் ஆயிற்று, பலகையிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு கூட்டத்தில் ஒரு பேராசிரியர், வரிசைக்கல் என்ற பெயர் பண்டைக்கால மனிதர்கள் ஈமச் சடங்குக்காக நட்ட கற்களால் வந்தது என்று ஆணித்தரமாகப் பேசினார். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட கற்கள் உண்டுதான். எழுந்து துடைப்பத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். உரையின் நடுவில் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன், உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், தாம்பரத்திலிருந்து பீச் போகும் எலக்ட்ரிக் ரயில். ஒரே ஓர் இருக்கை காலி. அதில் ஒரு கைக்குட்டை விரித்திருந்தது. உட்காரப் போனேன். எதிரே இருந்த பெண், "ஆள் இருக்காங்க சார்" என்றாள். நிமிர்ந்தால் தேவகி. பள்ளிக்கூடத்தில் டீச்சராகியிருந்தாள். அவளும் என்னைக் கண்டுகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். எறும்பு பெஞ்சு சார்தானே என்றாள். அப்பா, மாடு, பாக்கியம் அத்தை எல்லாம் விசாரித்தாயிற்று. சரி, தெரிந்தவன்தானே என்று நான் மெல்லக் கைக்குட்டையை நகர்த்தப் போனேன்.

"அது குரோம்பேட்டையில ஏறுற டீச்சர் சார்" என்றாள். நான் நின்றுகொண்டேன். குரோம்பேட்டையில் அந்த டீச்சர் ஏறவில்லை, அன்றைக்கு லீவு போலிருக்கிறது. தேவகி கைக்குட்டையை எடுக்கவில்லை. பார்க் ஸ்டேஷன் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கால் வலித்தது. ஆனால் எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது வரிசைக்கல் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது நிறுத்தம் தள்ளிப் போய், ஓர் அடுக்குமாடியின் பெயரை வைத்துக்கொண்டது. புளியமரம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பெஞ்சமின் இல்லை. அவன் அடக்கத்தில் நீளமாக உரை நிகழ்த்தினார்கள், அவனுக்குப் பிடித்திருக்கும். கோபால் மகனோடு எங்கோ வெளிநாட்டில். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஊர் என்றால் மாறத்தான் செய்யும். ஒரு கல்லை வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு போனால், திரும்பி வரும்வரை அந்த இடத்தில் நாமே நிற்பதாக எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்களே, அது எங்கே போயிற்று என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பையின் கதி சொல்கிறேன் என்றேன் அல்லவா. போலீஸ்காரர் எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், கேட்பாரற்றுக் கிடக்கும் பைகளைத் தொடாதீர்கள் என்று இனிமையாகச் சொன்னது. நான் ஒரு வழியாக எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனேன்.

"யாரு பை பெரியவரே இது?" என்றார் போலீஸ்காரர்.

"பை இல்ல சார். அது நான்தான்" என்றேன்.

தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த நிவேதா ஓடி வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "சாரி சார், வயசாயிடுச்சு" என்று அவரிடம் சொன்னாள்.